ஹெட்போன் கழற்றிய வெள்ளிக்கிழமை

ராஜபாளையத்துத் தனியார் பள்ளி ஒன்றில் பாண்டிசெல்விக்கு ‘ஸ்பானிஷ் மிஸ்’ என்றுதான் பெயர். அவளைத் தவிர அந்தப் பாஷை தெரிந்தவர் ஊரில் யாராவது இருந்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. இருந்திருந்தால் தேடிப்போய்ப் பேசியிருப்பாள்.

அவள் அதைக் கற்றுக்கொண்டது பிழைப்புக்காக. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தபோது, ஒருநாள் முதலாளி சங்கையா கம்ப்யூட்டர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“இந்தக் குவாத்தமாலாக்காரன் ஆர்டர இங்கிலீஷ்ல எழுதவே மாட்டேங்கான். யாராவது அவன் ஸ்பானிஷ் பாஷையப் படிங்களேன், செலவ நான் பாத்துக்கிடுதேன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். பாண்டிசெல்வி மட்டும் “நான் படிக்கேன் சார்” என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பின்னால் வாடகை வீடு. அங்கே அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தாள். அண்ணன் கல்யாணம் முடித்துத் தேவதானத்தில் வயலும் மாடுமாக இருந்தான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் பாண்டிசெல்வியால் வாசல் தாண்ட முடியாது. அம்மாவின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, போனில் ஆன்லைன் வகுப்பைப் போட்டுக்கொண்டு, வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் படித்தாள்.

“என்னட்டி, யார வையுத?” என்பாள் அம்மா.

“யாரையும் வையலம்மா. பாடம் படிக்கேன்.”

அப்படியே படித்துச் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதிச் சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் கட்டிலில் கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துப் போனவர்கள் போனவர்கள்தான். பிறகு வருவதும் நின்றுபோயிற்று. சங்கையாவின் மகன்கள் ஆபீசைக் கோயம்புத்தூருக்கு மாற்றியபோது அவளால் கூடப் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடம் வெளிநாட்டு மொழி சொல்லித்தர ஆள் தேடியது. அவள் சேர்ந்த மறு வருஷம் அம்மா இறந்தாள்.

வகுப்பு முதலில் நன்றாகத்தான் போனது. ஸ்பானிஷைத் தமிழ் வழியாகப் பிள்ளைகளின் நாக்கில் ஏற்றிவிடுவது அவள் கண்டுபிடித்த வழி. போர்டில் ‘மரம்’ என்றும் ‘மறம்’ என்றும் எழுதுவாள்.

“முதல் வார்த்தையில வார ‘ர’ போட்டுச் சொன்னா ‘பெரோ’. ‘ஆனால்’னு அர்த்தம். ரெண்டாவதுல உள்ள ‘ற’வ அழுத்தி உருட்டிச் சொன்னா ‘பெறோ’. அது நாய்.”

நாய் ஜாதி ஒன்றுக்கே தன் பெயரைக் கொடுத்த ஊரின் பிள்ளைகள். ‘பெறோ, பெறோ’ என்று அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்துவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து நிர்வாகம் ஒரு மென்பொருளை வாங்கியது. ஆளுக்கொரு டேப்லெட், ஆளுக்கொரு ஹெட்போன். திரையில் ஒரு பொம்மைப் பெண் வந்து பேசுவாள். பிள்ளை திருப்பிச் சொன்னால் சரிக்குப் பச்சை எரியும், தப்புக்குச் சிவப்பு எரியும்.

“உங்களுக்கு வேலை மிச்சம் டீச்சர். சும்மா மேற்பார்வை பாத்தாப் போதும்” என்றார் பிரின்ஸிபால் ஐயாதுரை. நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார்.

பாண்டிசெல்வி மேற்பார்வை பார்த்தாள். எட்டாம் வகுப்பு முழுதும் ஆளுக்கொரு திரையோடு பேசிக்கொண்டிருக்கும். அவள் நடுவில் நடப்பாள். யாரும் நிமிர்வதில்லை. மெல்லப் பேசும் சிவரஞ்சனிக்கு மட்டும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருக்கும். அவள் சொல்வது சரிதான், மெஷினுக்குத்தான் காதில் விழவில்லை. பாண்டிசெல்வி அவள் பக்கத்தில் குனிந்து, ஹெட்போனை விலக்கி, “சரியாத்தான்டா சொல்லுத. கொஞ்சம் சத்தமாச் சொல்லு” என்பாள். பல நாள் வகுப்பில் அவள் பேசும் பேச்சு அதோடு சரி.

வீட்டுக்குப் போனாலும் பேச்சுக்கு ஆள் கிடையாது. பாத்திரம் விளக்கும்போது ஸ்பானிஷில் தனக்குத்தானே பேசுவாள். இன்றைக்குப் பஸ்ஸில் கூட்டம், கத்தரிக்காய் சொத்தை, கால் வலிக்கிறது. கீழ்வீட்டு அழகுத்தாய் ஒருமுறை படியேறி வந்து, “யாருகிட்டட்டி பேசுத? விருந்தாளி வந்திருக்காவளா?” என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். “பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கேன் அக்கா, போன்ல” என்று பாண்டிசெல்வி சொல்லிவிட்டாள். போன் கட்டிலில் சார்ஜில் கிடந்தது.

ஆசிரியர்களுக்கான இணையக் குழு ஒன்றில்தான் மரிசோலைப் பார்த்தாள். பெரு நாட்டில் ஏதோ ஒரு மலை ஊரில் இங்கிலீஷ் டீச்சர். தன் பிள்ளைகள் பேசிப் பழக வேறு நாட்டு வகுப்பு வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாள். பாண்டிசெல்வி பதில் போட்டுவிட்டுப் பிரின்ஸிபாலிடம் போனாள்.

“வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டப்பொறவு செத்த நேரம் பிள்ளைகள இருக்க வச்சா, வீடியோல பேச வைக்கலாம் சார். நமக்குச் சாயங்காலம், அவங்களுக்கு விடிகாலை. பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் இங்கிலீஷ்.”

“மென்பொருள் இருக்கையில இது எதுக்கு டீச்சர்?”

“அது திருப்பிக் கேக்காது சார்.”

ஐயாதுரை யோசித்துவிட்டு, பெற்றோர் சம்மதித்தால் சரி என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை ஸ்மார்ட் போர்டில் படம் வந்ததும் வகுப்பு முழுதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வரிசையாக உட்கார்ந்து கை ஆட்டினார்கள். எப்போதும் முதல் பெஞ்சில் உட்காரும் கௌதம்ராஜ் எழுந்து தன் பெயரைச் சொன்னான். அங்கிருந்து ஒரு பெண் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். அவனுக்கு இட்லிக்கு ஸ்பானிஷ் தெரியவில்லை. “இட்லி” என்றே சொன்னான். அந்தப் பக்கம் முழு வகுப்பும் “இட்லி, இட்லி” என்று சொல்லிப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. சிவரஞ்சனி எழுந்து மெல்லிய குரலில் கேட்ட கேள்விக்குக்கூட அங்கே ஒரு பையன் காதில் கையை வைத்துக் கேட்டுப் பதில் சொன்னான்.

அந்த வாரப் பாடம் குடும்பம். யார் யாரோடு வசிக்கிறோம் என்று பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள். மரிசோல் சிரித்துக்கொண்டே, “உங்கள் டீச்சர் யாரோடு வசிக்கிறார்?” என்று ஸ்பானிஷில் கேட்டாள்.

குடும்பத்தோடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பாண்டிசெல்வி, “விவோ ஸோலா” என்றாள். தனியாக வசிக்கிறேன்.

முந்தின நாள்தான் பொம்மைப் பெண் அந்தச் சொல்லை ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லவைத்துப் பச்சை காட்டியிருந்தாள். வகுப்பு திரும்பி அவளைப் பார்த்தது. கௌதம்ராஜ் சத்தமாக, “மிஸ், தப்பாச் சொல்லிட்டீங்க. ஸோலான்னா யாருமே இல்லாமத் தனியான்னு அர்த்தம்” என்றான்.

“தெரியும்பா. சரியாத்தான் சொன்னேன்.”

மரிசோல் ‘அடடா’ என்று பரிதாபப்படவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். அம்மா இறந்ததிலிருந்து என்றாள் பாண்டிசெல்வி. தமிழில் யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஸ்பானிஷில் இலக்கணம் பிசகாமல் வந்துவிட்டது. கையிலிருந்த மைக்கை மேசையில் வைத்தாள்.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லோரும் அவளிடம் ஒரு மாதிரி மெதுவாகப் பேசினார்கள். மதியம் சிவரஞ்சனியின் அம்மா வெள்ளைத்தாய் அடுக்குத் தூக்கில் புளிக்குழம்பும் அப்பளமும் கொண்டுவந்து நீட்டினாள்.

“தனியாளுக்கு எதுக்குப் பொங்கிக்கிட்டுன்னு இருந்துருவீங்க டீச்சர். எனக்குத் தெரியும். சாப்பிடுங்க.”

பாண்டிசெல்வி வாங்கிக்கொண்டாள். ஆனால் அவமானமாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தேவதானத்துக்குப் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி சோறு போட்டாள், அண்ணன் மழையைப் பற்றிப் பேசினான். எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை டிவி பார்த்துவிட்டு, “வாரேன் அண்ணே” என்று திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஐயாதுரை போன் செய்தார். “உடம்பு முடியலைன்னா வேண்டாம் டீச்சர். மென்பொருள வச்சே சமாளிச்சுக்கிடுவோம். பிள்ளைகதான் அந்த வீடியோ உண்டா, உண்டான்னு பிச்சு எடுக்குதுக.”

“வாரேன் சார்” என்றாள் அவள். பிறகு, “ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை வகுப்புல மட்டும் டேப்பும் ஹெட்போனும் வேண்டாம் சார். நானே எடுக்கேன்” என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சரி என்றார்.

வாரத்தில் மற்ற நாட்கள் இன்னும் பொம்மைப் பெண்ணோடுதான். வெள்ளிக்கிழமை மட்டும் வகுப்பு சத்தமாக இருக்கும். வெள்ளைத்தாய் எப்போதாவது தூக்குவாளி கொடுத்துவிடுவாள். பாண்டிசெல்வி அதைக் கழுவி, சும்மா திருப்பித் தரக்கூடாதென்று பால்கோவா வைத்து அனுப்புவாள். அதற்கு மேல் அந்த வீட்டோடு போக்குவரத்து இல்லை.

மரிசோலும் அவளும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். அங்கே காலை. மரிசோல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள், இவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அந்த மலை ஊரில் சிக்னல் சரியாக வராது. பாதிப் பேச்சில் படம் அப்படியே நின்றுபோகும். பாண்டிசெல்வி அழைப்பைத் துண்டிப்பதில்லை. அசையாத அந்த முகத்தைப் போனில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மீதித் துணியை மடித்து முடிப்பாள்.