வெள்ளையடித்த வாசல்

தெற்கு கரோலினாவின் கடலோரத்தில், சிக்னல் விளக்குகூட இல்லாத ஊர் வெர்டெல் மஸீக்கின் ஊர். அந்தக் குறைக்கும் ஒரு நாள் மவுசு வந்தது, பாருங்கள்! கிராமத்தில் வீடு வாங்கினால் அரசாங்கமே ஜாமீன் நிற்கும், முன்பணமாக ஒரு காசும் வேண்டாம் என்று வங்கிக்காரர் சொன்னபோது, பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பிழைக்கும் வெர்டெலுக்குத் தலைகால் புரியவில்லை. ஒழுகுகிற டிரெய்லர் வீட்டில் வாடகைக்குக் கிடந்தவள். முக்கியமான நிபந்தனை ஒன்றுதான்: வாங்குகிறவளே அங்கே குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது.

"பின்னே வேற எங்க போய்க் குடியிருப்பேனாம்?" என்று சிரித்தாள்.

வீட்டைச் சோதிக்க வந்தவர் வாசல் நிலையிலும் ஜன்னல் சட்டங்களிலும் உரிந்து தொங்கிய நீலப் பெயிண்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், சரிபண்ணினால்தான் கடன் என்றார். விற்றவன் வெளியூர்க்காரன். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் பளிச்சென்று வெள்ளை அடித்துக் கொடுத்தான்.

இந்தக் கரையில் வாசலுக்கு நீலம் அடிப்பது என்ன அழகுக்கா? செத்தவர்கள் நீலத்தைத் தண்ணீர் என்று நினைத்துத் தாண்டமாட்டார்கள். வெர்டெலுக்கு அது தெரியாதா என்ன! சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் யாருக்கு அந்த ஞாபகம்?

குடிவந்த வாரமே கூடத்தில் ஈரக் கால்தடம். துடைத்தாள். மறுநாளும் இருந்தது. நாலு வயது மகள் நைலா சாப்பாட்டைத் தொடுவதில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. மூலையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"யாருகிட்டடி பேசுற?"

"அப்பாகிட்ட. அப்பா கால் ஈரமா இருக்கும்மா."

வெர்டெல் மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். புருஷன் லூசியஸ் இறால் படகோடு கடலில் மூழ்கிப் போனபோது நைலா கைக்குழந்தை. உடல் கிடைக்கவில்லை. செத்தவர் பிள்ளையைத் தேடி வராமலிருக்க, இந்தக் கரை வழக்கப்படி, குழந்தையைச் சவப்பெட்டிக்கு மேலாகக் கைமாற்றிக் கொடுப்பார்கள். பெட்டியே இல்லாதபோது எதற்கு மேலாகக் கொடுப்பது?

லூசியஸின் தங்கை ரொஸெட்டா வந்து வாசலைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி அண்ணி! வெள்ளையா வச்சிருக்கே? வாங்கன்னு வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்ட மாதிரில்ல இருக்கு! பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வா."

"வீட்ட விட்டுட்டு வந்தா கடன்காரன் சும்மா விடுவானா? ஒரு நாள் சொந்த வீட்டுல உன்ன உக்கார வைப்பேன்னு உங்கண்ணன் எங்கிட்ட சொல்லிட்டே இருந்தாரு ரொஸெட்டா. பாக்கத்தானே வந்திருக்காரு."

"பாத்துட்டுப் போற ஆளா இருந்தா பிள்ள ஏன் இப்படித் துரும்பா இளைக்குது? எங்கூடப் பொறந்தவன்தான், எனக்கும் வயிறு எரியுது. ஆனா செத்தவன் செத்தவன்தான். நீலத்த அடி."

"கடல்லயே போனவரு, நீலத்துக்கு நிப்பாரா?"

"தண்ணி குடிச்சுச் செத்தவனுக்குத்தான் அண்ணி தண்ணின்னா குலைநடுக்கம்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் வெர்டெல் பிரஷ்ஷை எடுத்தாள். ஜன்னல்களை முடித்துப் பின்கதவையும் முடித்தாள். வாசல் நிலைக்கு வந்தபோது கூடத்து மூலையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"வீடு நல்லாருக்கா? நம்ம வீடுதான். பாத்துட்டீங்கல்ல? போயிருங்க. இவ ஒருத்திதான் எனக்கு மிச்சம்."

நிலைக்கும் நீலம் அடித்து முடித்தாள். பொழுது சாயும்போது நைலாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வெண்டைக்காய் சூப்பும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கூடம் காய்ந்து கிடந்தது. பெற்ற வயிறு குளிர்ந்தது.

அப்போது வாசல் கதவை யாரோ தட்டினார்கள். மெல்ல, அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர் தட்டுவதுபோல.

"அம்மா, அப்பா வெளியில நிக்கிறாரு. கதவத் தொற."

மறுபடியும் தட்டும் சத்தம். வெர்டெல் அசையவில்லை.

"யாரும் இல்லடி," என்றாள். "நீ சாப்பிடு."