பக்கத்துக் காணியைப் பிரிக்க விடாதவன்

எண்பதுகளில் ஆக்லாந்து நகரின் மேற்கே, மலைச்சரிவில் ஏறும் ஒரு மண் ரோட்டின் கடைசி வீட்டில் தனியாக இருந்தேன். மனைவியும் பிள்ளைகளும் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார்கள். அந்த ரோட்டில் என்னோடு கதைத்தவர் ஒரே ஒருவர், மனைவியை இழந்த பக்கத்துக் காணிக்கார வெள்ளைக்காரர்.

ஒரு கோடை மத்தியானம் அவர் வளவிலிருந்து புகை எழுந்தது. காட்டுத்தீ என்றே முடிவுகட்டினேன். பாஸ்போர்ட், இடியப்ப உரல், ஒற்றைச் செருப்பு சகிதம் ரோட்டில் ஓடினேன். மனிதர் தகர டிரம்மில் மீன் புகைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு தந்தார். ஒற்றைச் செருப்போடு நின்றே தின்றேன், ருசியாகத்தான் இருந்தது.

அதே வாரம் கவுன்சில் கடிதம் வந்தது. அவர் தன் காணியை நான்காகப் பிரிக்க விண்ணப்பித்திருக்கிறார், அயலவருக்கு ஆட்சேபனை உண்டா? நகருக்குள் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த நண்பனுக்குப் போன் அடித்தேன்.

"மச்சான், காணிக் கடிதம் வந்தா முதல்ல எதிர்த்து எழுது, யோசனையைப் பிறகு வை. உன்ர கொப்பர் செய்யாத வேலையே?"

"அப்பா செய்தவர்தான். ஒரு வேலிக்காக இருபது வருசம் கோர்ட்டுக்கு நடந்தவர்."

"பிறகென்ன, எழுதடா!"

நாலு பக்கம் எழுதினேன்.

கவுன்சில் விசாரணைக்குப் போகக் கார் இல்லாமல் நின்ற என்னை ஏற்றிக்கொண்டு போனவரும் அந்தப் பக்கத்துக் காணிக்காரர்தான். என் கடிதத்தின் நகல் அவருக்கும் போயிருந்தது. "பஸ் இல்லையே, ஏறு" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவே, சீட்டில் அந்த நகல் கிடந்தது.

சபையில் சொன்னேன்: இருப்பது ஒரே ஒரு ஒடுங்கிய ரோடு. இருபக்கமும் எண்ணெய் ஊற்றியதுபோல எரியும் முட்புதர். குழாய்த் தண்ணீர் கிடையாது, மழைத்தொட்டி மட்டும். இன்னும் மூன்று வீடு வந்தால், தீ நாளில் எல்லாக் காரும் ஒரே வளைவில் சிக்கும். சொன்னதில் பொய் இல்லை. சங்கடமே அதுதான். விண்ணப்பத்தை நிராகரித்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "ஒரு துண்டு என் மகளுக்கு. பிள்ளைகளோடு வந்து வீடு கட்டுவதாக இருந்தாள்."

"அப்பீல் செய்யுங்கள், என் கடிதத்தை வாபஸ் வாங்குகிறேன்" என்று உளறினேன்.

"வாங்காதே. நீ சொன்னது சரி. மறுத்துப் பேச ஏதாவது கிடைக்குமா என்று முழு நேரமும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை."

குளிர்காலத்தில் காணியை முழுசாகவே விற்றுவிட்டு, மகளோடு இருக்கத் தெற்கே புக்கெகோஹி ஊருக்குப் புறப்பட்டார். சாமான் கட்டும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கோடைக்கு முன் புல்லை வெட்டு" என்றார். காணியை வாங்கியவர் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார்; அதன்பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அந்த வெள்ளைக்காரர் போன அன்றே என் வளவுப் புல்லை வெட்டினேன். குறை சொல்ல ஆள் இல்லாததால் கோணல்மாணலாக வெட்டினேன். மறுநாள் எனக்கே வெட்கமாகி, போய் நேராக்கினேன்.