கிருபாராணி பூஜ்யம் போட்டாள்

அமெரிக்காவில் ரவுண்ட் ராக் தமிழ்ச் சபையில் கிருபாராணியின் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. டயாலிசிஸ் சென்டரில் நர்ஸாக இருக்கிறாள். மெஷினோடு கட்டிப்போட்டதுபோல் மணிக்கணக்கில் கிடக்கும் நோயாளிகள் எரிந்து விழுந்தால்கூட முகம் சுளிக்காமல் பேசுவாள். அதெல்லாம் சபைக்கு எதற்கு? சபைக்குத் தெரிந்தது போன ஆகஸ்டில் அவள் வாயிலிருந்து விழுந்த ஒரே ஒரு வாக்கியம்தான்.

அன்றைக்கு அவள் வீட்டில் ஜெபக்கூட்டம். காலை டியூட்டி முடித்து வந்து, ஊருக்கே சமைத்து, தனியாளாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். கணவன் தேவநேசன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கராஜுக்குள் போனவன், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சாவகாசமாக உள்ளே வந்தான். "என்னாச்சு, ஒரே சத்தமா இருக்கு?" என்று வேறு கேட்டான். கிருபாராணிக்குத் தாங்கவில்லை. "நீங்க வீட்ல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நியூ ஜெர்சிக்குப் போய்விட்டான். ஐசலின் என்ற ஊரில் ஓர் அப்பார்ட்மென்ட், அங்கேயே ஆபீஸ். சண்டை போட்டானா, கை ஓங்கினானா? ஒன்றும் இல்லை. பேசாமல் போனான். பேசாமல் போகிற ஆண்பிள்ளைக்கு நம் ஜனங்களிடம் இருக்கிற மரியாதையே தனி. "பாவம், எவ்வளவு சாந்தமான மனுஷன்! அவரையே ஓட வெச்சுட்டாளே" என்றார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் சபை மூப்பர் ஜெர்ரி அங்கிள், "எங்கள் சகோதரியின் நாவைக் காத்தருளும் ஆண்டவரே" என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஜெபித்தார். அவளும் ஆமென் சொன்னாள். சொல்லாமல் என்ன செய்வாள்? அவளும் அதைத்தானே நம்பினாள்.

பிளஸ் டூ வயதில் இருக்கும் மகள் ரெபெக்கா ஜெபமெல்லாம் செய்யவில்லை. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "யூ மேட் ஹிம் லீவ்" என்று ஒரே தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொன்னது அப்படியே வீட்டில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிருபாராணி கார் பார்க்கிங்கில் நின்றபடி அவனுக்கு மெசேஜ் அனுப்புவாள். 'அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.' கை கூப்பும் படம் ஒன்று பதிலாக வரும். அவ்வளவுதான். வாயை அடக்கியிருந்தால் வீடு தப்பித்திருக்கும், இப்போது அடக்கினாலாவது அவன் திரும்பி வருவான் என்பது அவள் கணக்கு.

இந்த நிலையில் டாக்ஸ் சீசன் வந்தது.

கல்யாணமான நாள் முதல் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிற வேலை தேவநேசனுடையது. பிப்ரவரியில் அவள் சம்பளக் கணக்கான டபிள்யூ டூ தபாலில் வரும். உறையைப் பிரிக்காமலே கொண்டுபோய் அவன் லேப்டாப் மேல் வைப்பாள். ஒரு நாள் அவன் "முடிச்சாச்சு" என்பான். அவள் டீ போட்டுக் கொடுப்பாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு வருடமும் கேட்டதில்லை. நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். தன் பெயரில் அரசாங்கத்துக்குப் போகிற கணக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. நம் வீடுகளில் பாதிப் பெண்கள் அப்படித்தான். அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அங்கே கணவனும் மனைவியும் ஒரே கணக்காகவும் தாக்கல் செய்யலாம், தனித்தனியாகவும் செய்யலாம்; அவர்கள் வீட்டு வழக்கம் ஒரே கணக்கு. இந்த வருடம் அவனையே கேட்டாள். "சேர்ந்தே ஃபைல் பண்ணிடலாமாங்க?"

"வேணாம் கிருபா. நீ தனியா பண்ணிக்கோ, நான் தனியா பண்ணிக்கறேன்" என்றான்.

லேப்டாப் முன் அவளே உட்கார்ந்தாள். 'மணமானவர், தனியாகத் தாக்கல் செய்கிறார்' என்ற பெட்டியைத் தொடுவதற்குள் உயிரே போய்விட்டது. வாயால் பிரித்ததைக் கையாலும் பிரிக்கிறோமோ என்று பயந்தாள். இரண்டு தடவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் அதில் டிக் அடித்தாள்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ரிஜெக்டட் என்று வந்தது. அனுப்புவது அவள்தான் என்று உறுதி செய்ய, போன வருடத் தாக்கலில் காட்டியிருந்த மொத்த வருமானத்தைக் கேட்கிறார்கள். அவள் தன் சம்பளத்தைப் போட்டிருந்தாள். அது பொருந்தவில்லையாம். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்திருந்தால் இருவருக்கும் சேர்த்து வந்த தொகையைப் போட வேண்டும் என்று கீழே விளக்கம் இருந்தது. தான் தான்தான் என்று நிரூபிக்கவும் அவனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

அவனைக் கூப்பிட்டாள். "மீட்டிங்ல இருக்கேன்" என்றான். மறுநாள் ஓர் எண்ணை அனுப்பினான். போட்டாள். மறுபடியும் ரிஜெக்டட். நாம்தான் தப்பாக அடித்துவிட்டோமோ என்று இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்துப் போட்டாள். அப்போதும் அதேதான். வெட்கத்தோடு திரும்பக் கூப்பிட்டாள்.

"தொந்தரவு பண்றேன், சாரிங்க. நீங்க குடுத்த நம்பரையும் எடுத்துக்க மாட்டேங்குது."

"அதான் சொல்றேன், எதுக்கு உனக்கு ஆன்லைன்? பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து போட்டுத் தபால்ல அனுப்பிடு. பேப்பர்ல அனுப்பினா இந்த நம்பரெல்லாம் கேக்க மாட்டான்."

"எப்பவும் ஆன்லைன்லதானே பண்ணுவீங்க?"

"சொல்றதைக் கேளேன் கிருபா. பேப்பர்ல அனுப்பு."

அந்தக் குரலில் இருந்த அவசரம் அவளுக்குப் புதிதாக இருந்தது. டயாலிசிஸ் மெஷின் கத்தினால் சத்தத்தை நிறுத்திவிட்டு நகர்ந்துவிட முடியாது. ட்யூப் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். வேலையில் ஊறிப்போன அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. வரித்துறையின் தளத்தில் தன் பெயரில் கணக்குத் தொடங்கினாள். லைசென்ஸைக் காட்டி, கேமராவுக்கு முகத்தைக் காட்டி, வலது பக்கம் திரும்பு இடது பக்கம் திரும்பு என்றதற்கெல்லாம் திரும்பிக் கடைசியில் உள்ளே போனாள். பழைய வருடங்களின் தாக்கல்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. போன வருடத் தாக்கல் மட்டும் இல்லை.

கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் நினைத்தாள். லீவு நாளில் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டு, பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காது வலித்த பிறகு ஒருவர் எடுத்தார். மரியாதையான மனிதர். விவரமெல்லாம் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: அந்த வருடத்துக்கு உங்கள் எண்ணில் தாக்கல் எதுவும் வரவில்லை. தனியாகவும் வரவில்லை, சேர்ந்தும் வரவில்லை. போன வருமானம் கேட்கும் இடத்தில் பூஜ்யம் போடுங்கள், ஏற்றுக்கொள்ளும். விட்டுப்போன வருடத்தையும் சீக்கிரம் தாக்கல் செய்துவிடுங்கள்.

பூஜ்யம் போட்டாள். அக்செப்டட் என்று வந்துவிட்டது.

ரெபெக்கா எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "டிட் இட் கோ த்ரூ?" என்று கேட்டாள். கிருபாராணி ஃபோனை எடுத்துத் தேவநேசனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டது வேண்டுமென்றா, கைதவறியா என்று அவளுக்கே தெரியாது.

"போன வருஷம் என் பேரைச் சேர்த்து ஃபைல் பண்ணலையா நீங்க?"

"வக்கீல் தனியா பண்ணச் சொன்னாரு" என்றான் தேவநேசன்.

"வக்கீலா? போன பிப்ரவரியிலயா?"

"டைவர்ஸுக்காக ஜனவரியிலயே பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா நீ அழுவே, சண்டை போடுவே. அதான்…"

"என் டபிள்யூ டூவை வாங்கி வெச்சுக்கிட்டீங்களே. முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே. டீ குடிச்சீங்களே!"

"கிருபா, கத்தாதே."

"நான் கத்தலைங்க." உண்மையில் அவள் கத்தவில்லை. "நான் வாயைத் திறக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தீங்க. ஆகஸ்ட் வரைக்கும் நான் வெச்ச சோத்தைத் தின்னுட்டு, இவ எப்போ ஒரு வார்த்தை விடுவா, எப்போ கிளம்பலாம்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மன்னிப்பு கேட்டேனே. அப்போகூடச் சொல்ல மனசு வரலையா?"

"நீயாத்தானே கேட்டே" என்றான் அவன். அந்தச் சாந்தமான மனுஷன்.

அவளே ஃபோனை வைத்தாள். ரெபெக்கா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். அப்பனைத் தமிழிலேயே ஒரு வார்த்தை திட்டினாள். அந்த வார்த்தையை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ. பிறகு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணல" என்றாள். தமிழில் அவள் இவ்வளவு பேசி வெகு காலமாகிவிட்டது.

கிருபாராணிக்கு அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். ஊர் போட்ட பழி பொய்யென்று தெரிந்துவிட்டது, மகளும் பக்கம் வந்துவிட்டாள். இனி யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அவள் வாய்விட்டு அழுதாள். அவன் போன அன்றுகூட அப்படி அழுததில்லை. குற்றம் தன்னுடையது என்றிருந்தவரை, திருத்திக்கொண்டால் அவன் வந்துவிடுவான் என்று ஒரு பிடிப்பு இருந்தது. இப்போது திருத்துவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.