பிச்சம்மாளின் இரண்டடி

முத்துக்கனியின் இரும்புக் கடையில் அளவு டேப் வாங்கப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். காசைக் கொடுத்தோம், பையில் போட்டோம் என்று திரும்பிவிட முடியாது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து டேப்பை எடுப்பாள். மேசை விளிம்பில் பதித்து வைத்திருக்கும் ஒரு மீட்டர் எஃகு அளவுகோலின் மேல் அதை இழுத்து விடுவாள். கோடும் கோடும் ஒட்டி நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். பிறகு நுனியிலுள்ள கொக்கியை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டுவாள்.

"ஆடுதேன்னு வீட்டுக்குப் போயி சுத்தியலால அடிச்சு இறுக்கிராதிய. கொக்கித் தகடு எம்புட்டுத் தடிப்போ அந்த அளவுக்கு ஆடத்தான் செய்யணும். வெளியே மாட்டி இழுத்தா ஒரு அளவு, சுவத்துல முட்டி அளந்தா ஒரு அளவு. ரெண்டும் சரியா வரத்தான் அதை ஆட விட்டிருக்கான்."

"ஒரு டேப்புக்கு இம்புட்டுப் பாடமாக்கா?"

"பாடம் சும்மாதான். டேப்புக்குத்தான் காசு."

தூத்துக்குடியில் தச்சர்களும் கொத்தனார்களும் அவளுக்கு வைத்த பெயர் 'டேப்பு டீச்சர்'. முகத்துக்கு நேராகச் சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்வதில்லை.

உடன்குடிப் பக்கம் பனையேறி வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கணிதத்தில் பட்டம் பெற்றவள். மகாராஜனைக் கட்டிக்கொண்டு வந்தபோது மாமனார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பொம்பளை கல்லாவில் உட்கார்ந்தால் கடை விளங்காது. கல்யாணமான ஐந்தாம் மாதம் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மகாராஜன் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தான். கடையைப் பூட்டிப் போட மனமில்லாமல் மருமகளை ஒரு நாளைக்கு மட்டும் உட்காரச் சொன்னார். அந்த ஒரு நாள் இருபத்தோரு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. கடை நன்றாகவே விளங்குகிறது.

டேப் விஷயத்தில் அவளுக்கு இந்தப் பிடிவாதம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கிரில் பட்டறைக்காரர், கதவெல்லாம் அரை அங்குலம் கூடுதலாக வருகிறது என்று தன் வேலையாளை அடித்து விரட்டிவிட்டார். பிறகு அதே பட்டறை டேப்பைக் கடைக்குக் கொண்டுவந்தபோது முத்துக்கனி பார்த்தாள். கொக்கி நெளிந்திருந்தது. கருவி செய்த தப்புக்கு மனிதன் அடி வாங்கியிருக்கிறான். அடித்தவருக்கு அதைச் சொன்னபோது, "சரி, புதுசு ஒண்ணு குடுங்க" என்றாரே தவிர, அந்த ஆளைத் தேடிப் போகவில்லை.  அளவில் வரும் தப்பு எப்போதும் யார் தலையில் போய் விழுகிறது என்பதை அவள் அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினாள். பெரும்பாலும், எதிர்த்துக் கேட்க ஆளில்லாத தலையில்தான்.

ஒரு சனிக்கிழமை காலை பிச்சம்மாள் கடைக்கு வந்தாள். உப்பளத்தில் உப்பு வாரும் பெண். கடைக்கு வந்தால் கதை பேசாமல் போகமாட்டாள். அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏளா, என்ன மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க? வீட்டு மனை கெடைச்சுட்டுன்னு போன மாசம் மிட்டாய் குடுத்தயே!"

"கெடைச்ச மனை குறையுதுக்கா."

உப்பளத் தொழிலாளர்கள் பதினெட்டுக் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஊருக்கு வெளியே ஒரே வரிசையில் மனை ஒதுக்கியிருந்தது. ஒவ்வொன்றும் இருபது அடி அகலம். ரோட்டோரம் முதல் மனை. கடைசி மனைக்கு அப்பால் ஒரு தனியார் சரக்குக் கிட்டங்கியின் மதில். அந்தப் பதினெட்டாவது மனைதான் பிச்சம்மாளுக்கு. மனைகளை அளந்து கல் நட்டார்கள். எல்லோருக்கும் இருபது அடி வந்தது. பிச்சம்மாளிடம் வந்தபோது பதினெட்டு அடியில் மதில் இடித்தது.

"இருபதடி இல்லாத மனைக்கு வீடு கெடையாதாம். வியாழக்கிழமை ஆபீசர் வந்து அளப்பாராம். குறைஞ்சா பேரை அடிச்சிருவாவ."

"கிட்டங்கிக்காரன் மதிலை உள்ள தள்ளிக் கட்டிட்டானா?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுதாவ."

முத்துக்கனிக்கு முகம் சிவந்துவிட்டது. காசு உள்ளவன் கை நீட்டினால் இல்லாதவளுடைய நிலம் சுருங்கும்; இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவனை அளந்தே மடக்குகிறேன் என்று அன்றே முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன்பே மகாராஜனின் லோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். மனைக்காரர்கள் எல்லோரும் அங்கே கூடி, கிட்டங்கிக்காரனைத் திருடன் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கையில் மூன்று நூறடி எஃகு டேப்புகள். மூன்றும் வேறு வேறு கம்பெனி. கூடவே மீன்காரர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு தொங்கு தராசு.

"மீன் வாங்கவா வந்திய?" என்று சிரித்தான் முத்துச்செல்வம். முதல் மனைக்காரன்.

"இரும்பு டேப்பு வெயில்ல நீளும். அதான் காலையிலேயே வந்தோம். இழுக்கிற இழுப்புக்கும் அளவு மாறும். ஒரே இழுப்பா இருக்கணும்னா தராசு வேணும். அஞ்சு கிலோ காட்டுற வரைக்கும் இழுக்கணும். டேப்பு தொடக்கத்துலேயே பொடி எழுத்துல போட்டிருக்கு. நாமதான் வாசிக்கிறதில்ல."

ஒரு முனையை அவள் பிடித்தாள். மறுமுனையில் மகாராஜன் தராசை மாட்டி இழுத்தான். ரோட்டோரக் கல்லில் தொடங்கி நாலு தடவை மாற்றிப் பிடித்து மதில் வரைக்கும் போனார்கள். முன்னூற்று அறுபது அடி. பட்டாவில் போட்டிருந்ததும் அதே முன்னூற்று அறுபதுதான்.

முத்துக்கனி நம்பாமல் இரண்டாவது டேப்பை எடுத்தாள். பிறகு மூன்றாவது. மூன்றுக்கும் நகக்கண் அளவுகூட வித்தியாசம் இல்லை. கிட்டங்கிக்காரன் ஓர் அங்குலம்கூட உள்ளே வரவில்லை.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு திருடனைப் பிடிக்க வந்தவளுக்குத் திருடனே இல்லை என்றால் எப்படி இருக்கும்? ஆனால் பணக்காரன் என்பதற்காக மதில் நகர்ந்துவிடாது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். பதினெட்டு இருபது முன்னூற்று அறுபது. மொத்தம் சரியாக இருக்கிறது. கடைசியில் இரண்டடி இல்லை. அப்படியானால் அது வரிசைக்குள்ளேதான் எங்கோ கிடக்கிறது.

பதினேழாவது மனையை அளந்தாள். பால்துரையின் மனை. இருபது அடி, அதற்கு மேல் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதினாறாவதும் அப்படியே. பத்தாவதும் அப்படியே.

"கல்லு நட அளந்தது யாரு?"

"நான்தான்" என்று முன்னால் வந்தார் இசக்கிராஜா. உப்பளத்துக் கணக்கப்பிள்ளை. ஒரு டீகூட வாங்கிக் குடிக்காமல் பதினெட்டு மனைக்கும் கல் நட்டுக் கொடுத்தவர்.

"எதால அளந்திய அண்ணாச்சி?"

அவர் பெருமையோடு பையிலிருந்து எடுத்தார். மஞ்சள் நிற நார் டேப். "இருவது வருசமா இதாலதான் பாத்தி அளக்கேன். இரும்பு டேப்பை உப்பளத்துல ஒரு மாசம் விட்டா அப்பளமா நொறுங்கிரும்லா. இது அறாது."

அறாதுதான். ஆனால் இருபது வருடம் உப்புத் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் காலை ஊன்றி இழுத்த டேப் அது. முத்துக்கனி அதையும் எஃகு டேப்பையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். இரண்டுக்கும் தொடக்கக் கோட்டை ஒரே ஆணியில் வைத்து, தராசை மாட்டி ஒவ்வொன்றையும் ஐந்து கிலோவுக்கு இழுத்தார்கள். எஃகு டேப் நூறடி முடிந்த இடத்துக்கு அப்பால் ஏழு அங்குலம் தள்ளி நின்றது மஞ்சள் டேப்பின் நூறடி.

கூட்டம் குனிந்து பார்த்தது. இசக்கிராஜா நிமிரவே இல்லை.

"புது டேப்புதான் சுருங்கியிருக்கும்" என்றார்.

"மூணுமா அண்ணாச்சி? மூணு கம்பெனிக்காரனும் பேசி வச்சுச் சுருக்குனானா?"

யாரோ சிரித்தார்கள். முத்துக்கனி திரும்பி முறைத்தாள். "சிரிக்காதிய. உப்பளத்துல எல்லாப் பாத்தியும் ஒரே டேப்பால அளந்ததுதான். எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கடைசி வரப்பைத் தள்ளிப் போட்டா முடிஞ்சுது, யாருக்கும் தெரியாது. இங்கன கடைசியில மதில் நிக்கி. அண்ணாச்சி ஒருத்தரையும் ஏமாத்தல, டேப்புதான் அவரை ஏமாத்தியிருக்கு."

பிறகு நடந்ததுதான் முத்துக்கனி வாழ்நாளில் மறக்காதது. மதில்காரனைத் திருடன் என்று சொன்னபோது தொண்டை கிழியக் கத்திய கூட்டம், நிலம் தங்களிடம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அடங்கிப்போனது.

"ஆளுக்கு ஒண்ணரை இஞ்சு. இதுக்குப் போயா எல்லாக் கல்லையும் பிடுங்கணும்?" என்றான் முத்துச்செல்வம்.

"மஞ்சள் பூசி நட்ட கல்லை அசைக்கக் கூடாது" என்றது ஒரு குரல்.

"மூலை மனை ராசியில்லன்னு வாஸ்துக்காரர் அப்பவே சொன்னாரு" என்றது இன்னொரு குரல்.

பிச்சம்மாள் மதிலில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் பக்கம் யாரும் பார்க்கவுமில்லை.

முத்துக்கனிக்கு உச்சந்தலை கொதித்தது. "ராசியா ரெண்டடியத் தின்னுச்சு? பதினேழு பேரு மனையில ஆளுக்கு ஒண்ணரை இஞ்சாக் கெடக்கு, வாரியா அளந்து காட்டுதேன்! கல்லுக்கு மஞ்சள் பூசுனா அது சாமி. பிச்சம்மாளுக்கு இருவது வருசமா உடம்பெல்லாம் உப்புப் பூசியிருக்கே, அவ யாரு?" முத்துச்செல்வத்தின் பக்கம் திரும்பினாள். "ஒண்ணரை இஞ்சுல ஒண்ணுமில்லங்கிய. ஒண்ணுமில்லாததைக் குடுத்துட்டுப் போறதுல என்ன கஷ்டம்?"

முத்துச்செல்வம் தன் கல்லைப் பார்த்தான். பதில் சொன்னவன் பால்துரை. அவன் நிதானமான ஆள்.

"யக்கா, நீங்க சொல்லுறது நியாயந்தான். என் மனையில போறது ஒண்ணரை இஞ்சுதான். ஆனா முன்னால உள்ள பதினாறு கல்லும் நகண்டா என் மனையே ரெண்டடி தள்ளிப் போகுதுலா? வேலை முடிச்சு வந்து பதினாலு நாள் அஸ்திவாரம் தோண்டியிருக்கேன். பாறை மாதிரி மண்ணு. கையப் பாருங்க." விரித்த கையில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. "இதை யாரு மறுபடி தோண்டுவா?"

முத்துக்கனி அந்தக் கையையே பார்த்தாள். அடியையும் அங்குலத்தையும் கணக்குப் போட்டவள் இந்தப் பதினாலு நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருத்திக்கு நியாயம் வாங்க இன்னொருவன் உழைப்பைக் குழியில் போட்டு மூடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் இசக்கிராஜா நிமிர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அளந்தது நானு. குழி என் பொறுப்பு. ஏலே பால்துரை, கடப்பாரைய எடு."

"அண்ணாச்சி, உங்க வயசுக்கு..."

"வயசப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல எடுலே."

அறுபது வயதுக்காரர் கடப்பாரையைப் போட்டால் மற்றவர்கள் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியும்? பிச்சம்மாள் மதிலை விட்டு வந்து மண்வெட்டியை எடுத்தாள். முத்துச்செல்வம் முணுமுணுத்தபடியே தன் கல்லைப் பிடுங்கப் போனான். முத்துக்கனியும் மகாராஜனும் எஃகு டேப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தொடக்கத்துக்கு நடந்தார்கள். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக அளக்கவில்லை. முதல் கல்லிலிருந்தே இருபது, நாற்பது, அறுபது என்று குறித்துக்கொண்டு போனார்கள். சின்னத் தப்பு சேர்ந்து சேர்ந்து கடைசி ஆள் தலையில் விழாமல் இருக்க அதுதான் வழி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால்துரையின் குழி புதிய இடத்தில் தயாராக இருந்தது. முன்னதைவிட ஆழமாகவே.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். கையில் ஒரு நார் டேப். உதவியாளரை ஒரு முனையில் நிறுத்தி, பதினெட்டாவது மனையில் அலட்சியமாக இழுத்தார். டேப் நடுவில் தொட்டில்போலத் தொங்கியது.

"இருபது அடி ஒரு இஞ்ச். சரியா இருக்கு" என்று பேனாவைத் திறந்தார்.

முத்துக்கனி வாயைத் திறப்பதற்குள் பிச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"சார், டேப்பு தொங்குது. நல்லா இழுத்துப் பிடிங்க. எனக்கு இருவதுதான். அந்த ஒரு இஞ்சு பால்துரை அண்ணனோடது."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். டேப்பை இறுக்கி இழுத்தார். இருபது அடி. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"யாரும்மா நீ? கொத்தனார் வேலை பாக்குறியா?"

"உப்பளத்துல வேலை சார். இந்த மனைக்காரி."

அவர் அவள் பெயருக்கு நேரே குறி போட்டார். பிச்சம்மாள் அது சரியான வரியில்தான் விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.