சடையங்குப்பத்துப் பச்சைப் பிரஸ்

பழைய மிஷின் விற்பவர் சிரித்தால் எனக்குச் சந்தேகம் வரும். சடையங்குப்பத்துக் கொட்டகைக்காரர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

எர்ணாவூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. டிரெய்லர் லாரிகளுக்குக் கொக்கி செய்கிறோம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிப்பவன் என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். அவன் எனக்கு மாமு, நான் அவனுக்கு மாமு. அடித்து அடித்து அவனுடைய வலது தோள் போய்விட்டது. சட்டை மாட்டவே திணறினான். ஒரு பிரஸ் இருந்தால் இரும்பை அதுவே அழுத்திக் கொக்கியாக்கிவிடும். புதிது வாங்க எனக்கு வக்கில்லை. கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தது இந்தப் பழையது ஒன்றுதான்.

அவனுக்கு வலி என்று நான் மட்டும் பார்க்கப் போனேன். கொட்டகைச் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளக் கறை. மிஷினுக்கு மட்டும் பளபளவென்று பச்சைப் பெயிண்ட். சாவியால் சுரண்டினேன், விரிசல் இல்லை. காசிமேட்டில் வாங்கிய மீன்வலை ஈயக்குண்டுகளை நான்கு மூலையிலும் வைத்து நசுக்கச் சொன்னேன். அழுத்துகிற மேல்தலை சாய்ந்து இறங்கினால் ஒரு மூலை தடிமனாக வரும். நான்கும் ஒரே தடிமன். வெள்ளத்தில் நின்ற பழைய மிஷினுக்கு இவ்வளவு துல்லியமா? அது இன்னும் உறுத்தியது. சுட்ட இரும்பை வைத்துக் காட்டுங்கள் என்றேன். உலை ரிப்பேர் என்றார். வந்து மாமுவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அடுத்த ஞாயிறு அந்த வழியாகப் போனேன். ரிப்பேர் என்று சொன்ன உலையிலிருந்து புகை வந்தது. வாசலில் மாமுவின் சைக்கிள்.

மறுநாள், "நேத்து எங்க மாமு போன?" என்றேன்.

"வூட்லதான் பட்த்துகினு இருந்தேன்."

பொய். அதற்கடுத்த ஞாயிறும் சைக்கிள் அங்கேதான். தரகு பேசிவிட்டான், என் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் இரண்டு பேரும் என்று முடிவுகட்டினேன். ஒரு வாரம் அவன் டீ வாங்கித் தந்தால்கூட எனக்குக் கசந்தது.

மூன்றாவது ஞாயிறு நேராக உள்ளே போனேன். மாமு இடுக்கியோடு உலை முன் நின்றிருந்தான்.

"கமிஷன் எவ்ளோ மாமு?" என்று கத்தினேன்.

கொட்டகைக்காரரின் சிரிப்பு நின்றது. "இவரு உங்க ஆளா?" என்றார்.

மாமு இடுக்கியைக் கீழே வைத்தான். "உலை ரிப்பேருன்னு உன்னாண்ட சொன்னாருல்ல? ஆனா ஞாயித்துக்கெழமைல இதே மிஷின்ல வேல நடக்குது. அத்தொட்டுதான் கூலியாளா வந்துகினு இருந்தேன். உன்னாண்ட சொன்னா நீ இங்க வந்து சண்ட போடுவ. பத்து கொக்கி வரைக்கும் சோக்கா எறங்குது. அப்பால சூடு ஏறி மேல்தலை சிக்கிக்குது. உன்ன மாரி ஈயம் வெச்சிப் பாக்கறவங்களுக்கோசரம், தல சாயாம இருக்க சைடுல இறுக்கி வெச்சிக்கீறாங்க. மூணு வாரமா இதே கதை. இன்னிக்கு சாய்ங்காலம் உன் வூட்டுக்கு வரலாம்னு இருந்தேன்."

இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னான். அந்தத் தோளோடு மூன்று ஞாயிறு இரும்பு தூக்கியிருக்கிறான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினான்.

பிறகு திருவொற்றியூரில் வேறொன்று கிடைத்தது. நாள் முழுக்கச் சுட்ட இரும்பைப் போட்டுப் பார்த்து அவனே தேர்ந்தெடுத்தான். நன்றாக ஓடுகிறது. தோளும் பரவாயில்லை, சட்டையைத் தானே மாட்டுகிறான்.

மாமு என்றுதான் நான் இன்னும் கூப்பிடுகிறேன்.

"சொல்லுங்க மொதலாளி" என்கிறான்.