ஸ்குரூ இல்லாத ரேடியோ

யுத்த காலத்தில், கலகெதரையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் அவர். கம்பியால் கட்டிய மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் சின்ன ஸ்குரூ டிரைவர். என் புது பொக்கெட் ரேடியோவை ஆசையோடு காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தவர் பாட்டைக் கேட்கவில்லை. விளிம்பெல்லாம் பெருவிரல் நகத்தை ஓட்டினார்.

“ஒரு ஸ்குரூகூட இல்லீங்களே தம்பி. ஒட்டியே வித்திருக்கான். பழுதானா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்கணுமாம்.”

“இப்ப எல்லாம் இப்பிடித்தான் அண்ணை. வடிவா இருக்கெல்லே?”

“வடிவு என்னத்துக்கு? நம்ம சாமான நாமளே தொறக்க முடியல.”

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று கண்ட சிப்பாய், ரேடியோவைத் திறக்கச் சொன்னான். பற்றரி மூடியைத் திறந்தேன். மிச்சத்தையும் திறக்கச் சொன்னான். நகத்தால் எவ்வளவு கீறியும் அது அசையவில்லை. துப்பாக்கி என் நெஞ்சுக்கு உயர்ந்தது. எனக்குப் பின்னால் மண்மூட்டைகள். பஸ்ஸில் வந்தவர்கள் என்னைவிட்டு விலகி நின்றார்கள்.

அவர் மட்டும் கைகளை உயர்த்தியபடி வந்தார். சிங்களத்தில் பணிவாக அனுமதி கேட்டு, ரேடியோவைத் தரையில் வைத்து ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பிளந்தார். உள்ளே வயர்களும் ஒரு சின்ன ஸ்பீக்கரும்தான். சிப்பாய் போகச் சொன்னான்.

பஸ் கிளம்பியதும் அவர் ரேடியோவின் உடைந்த மேல்மூடியை நீட்டினார்.

“பாருங்க தம்பி, நாலு மூலையிலயும் ஸ்குரூ போட எடம் விட்டிருக்கான். வேணும்னேதான் போடல!”

அவர் என்னைக் காப்பாற்ற வந்தாரா, ரேடியோவுக்குள்ளே பார்க்க வந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.