உள்ளே சொன்னது வெளியே போகாது

வாயை அடக்கத் தெரியாதவர்கள் செய்யவே கூடாத வேலை, அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கிற வேலை. 1991இல் அதில்தான் மாட்டினேன்: சுங்குவார்சத்திரத்தில் டீக்கடை மாடி, பெண்கள் ஆலோசனை நிலையம். எனக்குப் பதினாறு வயது. கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்று எவர் குரலிலும் பேசுவேன். வருகிறவர்களுக்கு அவர்களுடைய உரிமைகளைப் படித்துக் காட்டுவது என் வேலை. வாய் அடங்காத என் இனத்தாரே, வயிறு வலிக்கச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் "எழுதிக்கோ" என்ற பிறகுதான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

எழுந்து போகும் உரிமை

"புடிக்கலன்னா எப்ப வேணா எழுந்து போலாம்" என்று மணிமங்கலத்து அக்கா ஒருவருக்குப் படித்தேன். மனுஷி அப்போதே எழுந்து போய்விட்டார். "எவர் குரலில் படித்துத் தொலைத்தாய்?" என்று நிலையத்தின் ஆலோசகர் ஸ்டெல்லா மேடம் முறைத்தார். அன்றைக்கென்று சொந்தக் குரலில்தான் படித்திருந்தேன்! நான் செருப்பைத் தேடுவதற்குள் அக்காவே படியேறி வந்து உட்கார்ந்தார்.

"நெசமாவே வுடுறீங்களான்னு பாத்தேன். இப்ப கேளு, சொல்றேன்."

ஃபைலைக் கேட்கும் உரிமை

தண்டலத்திலிருந்து வந்தவர், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றார். மேடம் குரலிலேயே படித்தேன்: "ஒரு மணி நேரம் அழுதார்." தப்பிருந்தால் திருத்தச் சொல்லலாம் என்றும் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்தார்.

"அளுதேன், செரி. நடுவுல ரெண்டு வட துன்னேனே, அத்த யாரு எளுதறது?"

ரகசியம் காக்கும் உரிமை

"என் பொண்டாட்டி இங்க வந்தாளா?" என்று ஃபிட்டர் ஒருவர் யூனிஃபார்மோடு ஏறி வந்தார். அவர் மனைவி தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடத்தோடு இருந்தார். "அவருக்குத் தெரிஞ்சா அப்புறம் வாசப்படி தாண்ட வுட மாட்டாரு" என்று சொல்லிவிட்டுத்தான் பேசவே தொடங்கியிருந்தார்.

"குந்துங்க சார். மொதல்ல உங்க உரிமைங்க" என்றேன். ஒன்றைக் கண்டக்டர் குரலில் படித்தேன், அடுத்ததை ரேஷன் கடைக்காரர் குரலில். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்; அந்தச் சத்தத்துக்கு நடுவே பின்படியில் அவர் மனைவியின் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்தது. "இங்கே சொன்னது வெளியே போகாது" என்று ஹெட்மிஸ்ட்ரஸாக முடித்தேன். "நெசமாவா?" என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மனைவியிடம் எட்டு வருஷமாக மறைத்த ஒன்றைச் சொன்னார். சிரிப்பை அடக்கத் தாவணியைக் கடித்தேன்.

"செரி, அவ வந்தாளா, இல்லியா?"

"அத சொல்லக் கூடாது சார். நீங்க வந்ததையும் அவங்ககிட்ட சொல்ல மாட்டோம். எல்லாருக்கும் ஒரே ரூலு."

தலையாட்டினார். பாதிப் படி இறங்கினார். நின்றார். திரும்பினார்.

"அடிப்பாவி! இப்ப நான் அவள ஒரு வார்த்த கேட்டா, 'நீ இன்னாத்துக்கு அங்க போன'ன்னு அவ கேப்பாளே!"

மற்றதையெல்லாம் "எழுதிக்கோ" என்ற அந்த மனிதர் எட்டு வருஷ ரகசியத்துக்கு மட்டும் தலையாட்டவில்லை என்பதால், இவ்வளவு நேரம் காத்திருந்த என் இனத்தாரே, அந்தச் சிரிப்பு என்னிடமே பத்திரமாக இருக்கிறது.